மாமாவின் கொம்பியூட்டருக்கு ஐஸ் வைத்த நாள்

மாமாவின் அறைக்குள் தண்ணீர் கொண்டு போகக் கூடாது. எங்கள் வீட்டில் இருந்த ஒரே சட்டம் அதுதான். செருப்போடு சாமி அறைக்குள் போனால்கூட அம்மா ஒரு பார்வையோடு விட்டுவிடுவா. ஒரு கோப்பை பிளேன்ரீயோடு மாமாவின் அறை வாசலில் நின்றால், மாமா கதிரையிலிருந்து எழும்பி வந்து மறிப்பார்.

“வெளிய வச்சிட்டு வா, மருமகள்.”

குளித்துவிட்டு ஈரத் தலையோடு போனாலும் அதேதான். தலையைத் துடைத்தாயா, கையைத் துடைத்தாயா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவார். அறைக்குள் இருந்தது ஒரு கொம்பியூட்டர். அதற்குத் தண்ணீர் ஆகாது. ஒரு சொட்டுப் போதும், செத்துப்போகும் என்று சொன்னார். நான் நம்பினேன்.

நான் அப்போது பள்ளிக்கூடத்தில் மூன்றாம் ஆண்டு படித்தேன். குருக்கள்மடத்தில் எங்கள் வீடு பெரிய றோட்டுக்கும் வாவிக்கும் நடுவில். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்லுவோம். வீடு அம்மாவுடையது. எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆம்பிளைகளுக்குக் கலியாணம் முடித்துப் போகும்வரை அக்கா வீட்டில் ஓர் அறை. மாமா அம்மாவின் தம்பி. அந்த அறையில் அப்படித்தான் இருந்தார்.

அப்பா கட்டாரில் லொறி ஓட்டினார். அம்மா வீட்டு வாசலில், றோட்டோரமாக, மீன் விற்றா. ஆற்று மீன். திரளி, ஓரா, இறால், சில நாட்களில் நண்டு. விடிய மாமா மோட்டார் சைக்கிளில் போய் ஐஸ் ஏற்றிக்கொண்டு வருவார். அம்மா அதை உடைத்து ரெஜிபோம் பெட்டியில் மீனோடு அடுக்குவா. ரெஜிபோம் என்றால் ரீவி வாங்கும்போது சுற்றி வருகிற அந்த வெள்ளைச் சாமான்தான். அதில் செய்த பெட்டியில் வைத்தால் ஐஸ் கெதியில் கரையாது.

கெதியில் கரையாது என்றாலும் கரையும். அதற்கு அம்மா ஒரு வேலை செய்வா. பெட்டியின் ஒரு தலையில், அடியில், தண்ணீர் போக ஓர் ஓட்டை இருக்கும். மற்றத் தலையின் கீழே ஒரு கட்டையை வைப்பா. பெட்டி சரிந்து நிற்கும். கரைகிற தண்ணீர் எல்லாம் ஓட்டைப் பக்கம் ஓடி வாளிக்குள் விழும். மீன் தண்ணீரில் கிடந்தால் வெளுத்துப்போகும், அதைப் பிறகு ஒருவரும் வாங்கமாட்டார்கள். கடை திறந்தால் அம்மாவின் முதல் வேலை கட்டை. காசுப் பெட்டிகூட அதற்குப் பிறகுதான். கட்டையை எந்தத் தலைக்கு வைப்பது என்று அம்மா ஒரு நாளும் யோசித்து நான் பார்த்ததில்லை. கை தன்பாட்டில் போகும்.

கொம்பியூட்டருக்கு வருகிறேன்.

மாமாவின் கூட்டாளி ஒருவர் கனடாவுக்குப் போனார். போகும்போது தன் கொம்பியூட்டரை மாமாவிடம் விட்டுவிட்டுப் போனார். விளையாட்டு விளையாடுகிற கொம்பியூட்டர். பெரிய கறுப்புப் பெட்டி. உள்ளே ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கிராபிக்ஸ் கார்ட். செங்கல் அளவு இருக்கும். ஒவ்வொன்றிலும் சின்னச் சின்ன ஃபேன் சுற்றும். அவை இரண்டும்தான் படத்தை உண்டாக்குகின்றன என்று மாமா சொன்னார்.

“ஒண்டு போதாதா?” என்று அம்மா கேட்டா.

“ரெண்டும் சேந்து பாதி பாதியாச் செய்யும் அக்கா. படம் வடிவா வரும்.”

“பாதி வேலைதானே. பிறகு ஏன்டா இது இப்பிடிக் கொதிக்குது?”

“கீழ உள்ளது விடுற சூட்டை மேல உள்ளது இழுக்குது. இடையில ஒரு விரல் இடம்தான் இரிக்கு. மேல உள்ளது பாவம்.”

“தள்ளி வை.”

“தள்ளி வைக்க ஏலாது. அதுட இடம் அதுதான்.”

அம்மா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தா. பிறகு அடுப்படிக்குப் போய்விட்டா.

எனக்கு அதில் ஒரு வேலை கிடைத்தது. மாமா விளையாடும்போது பெரிய திரையை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. பக்கத்தில் ஒரு பழைய சின்னத் திரை இருந்தது. அதில் இரண்டு நம்பர். மேலே இருப்பது மேல் கார்ட்டின் சூடு. கீழே இருப்பது கீழ்க் கார்ட்டின் சூடு. நான் அதைப் பார்த்து வாசிக்க வேண்டும்.

“மேல?”

“எண்பத்திரெண்டு.”

“கீழ?”

“எழுபது.”

மாமா காதில் பெரிய ஹெட்செட் போட்டிருப்பார். என்னோடு தமிழில் கதைப்பார், அதே மூச்சில் கூட விளையாடுகிற கொழும்புப் பொடியன்களோடு சிங்களத்தில் கதைப்பார். எது எனக்கு, எது அவர்களுக்கு என்று சில நேரம் தெரியாது. ஒரு தரம் “ஓடு, ஓடு” என்றார். நான் எழும்பி வெளியே ஓடிவிட்டேன். அது படத்துக்குள் நின்ற ஆளுக்குச் சொன்னது.

நம்பர் எண்பத்தைந்தைத் தாண்டினால் மாமாவின் முகம் மாறும். தொண்ணூறு என்றால் பயப்படுவார். எனக்கு அது விளங்கவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா கமக்கட்டில் கண்ணாடிக் குழாய் வைத்துப் பார்ப்பா. நூறுக்குக் கீழே என்றால் ஒன்றுமில்லை, எழும்பிப் பள்ளிக்கூடம் போ என்பா. தொண்ணூறு என்றால் காய்ச்சலே இல்லையே. இந்த மனிசன் ஏன் பயப்படுகிறார்?

அம்மாவுக்கும் அதே சந்தேகம்தான்.

“என்னடா தொண்ணூறு. என்ட புள்ளைக்கு நூத்திரெண்டு வரைக்கும் காஞ்சது. நான் பேசாம மீன் வித்தன்.”

“அது வேற தொண்ணூறு அக்கா.”

“தொண்ணூறிலயும் வேற வேற இரிக்கா?”

மாமா சிரித்தார். அது வேற கணக்கு என்று பள்ளிக்கூடத்தில் எனக்குப் பிறகு சொன்னார்கள். அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

அது கச்சான் காற்று அடிக்கிற காலம். வயல் பக்கமிருந்து வருகிற காற்று. ஆற்றைத் தாண்டி வந்தும் சூடு போகாது. எங்கள் கூரை ஓடில்லை, அஸ்பெஸ்டஸ் சீற். மத்தியானத்தில் சுவரைத் தொட்டால் கை சுடும். மாமா பெட்டியின் ஒரு பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டார். மேசை ஃபேனை அதன் வாய்க்கு நேரே வைத்தார். நம்பர் கொஞ்சம் இறங்கியது, பிறகு ஏறியது. தூசி தட்டினார். கார்ட்டைக் கழற்றி உள்ளே பழைய பசையைச் சுரண்டிப் புதுப் பசை பூசினார். இரண்டு நாள் நல்லாக இருந்தது. பக்கத்து வீட்டு மாமி வந்து பார்த்தா. சூடு என்றால் உச்சியில் நல்லெண்ணெய் வைக்க வேண்டும் என்று சொன்னா. மாமா கும்பிட்டு அனுப்பிவிட்டார். பிறகு மேசையோடு தூக்கிக்கொண்டு போய் ஆற்றுப் பக்கத்து விறாந்தையில் வைத்துப் பார்த்தார். பின்னேரம் வரைக்கும் ஆடு ஒன்று வந்து வயரை முகர்ந்துகொண்டு நின்றது. உப்புக் காற்று, உள்ளே எல்லாம் கறள் பிடிக்கும் என்று சொல்லித் திரும்பவும் அறைக்கே கொண்டுபோனார்.

ஒரு நாள் மேல் கார்ட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ஒன்றோடு மட்டும் விளையாடிப் பார்த்தார்.

“எத்தினை?”

“அறுபத்தெட்டு.”

ஒரு மணித்தியாலம் விளையாடினார். நான் பத்துத் தரம் வாசித்திருப்பேன். எழுபதுக்கு மேல் போகவில்லை.

“அப்ப இது ஒண்டு போதும் மாமா.”

“ஓடுது. படம் கொஞ்சம் சொரசொரப்பா இரிக்கு, அவ்வளவுதான்.” கழற்றியதைக் கையில் எடுத்துத் துடைத்தார். “எண்டாலும் ரெண்டு இருந்தாத்தான் வடிவு.”

திரும்பவும் பூட்டினார். நானும் அத்தோடு மறந்துவிட்டேன்.

அந்த மாதம் வீட்டில் வேறு விசயங்களும் நடந்தன. எனக்கு ஒன்றுக்கும் காரணம் தெரியாது. மீன் விற்கிற அம்மாவுக்கு மீன் மணம் பிடிக்காமல் போனது. காலையில் பெட்டியைத் திறந்தவுடன் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்துவா. ஒரு நாள் ஓரா மீன் நிறுத்துக்கொண்டிருந்தவ, தராசைப் போட்டுவிட்டு வேலிப் பக்கம் ஓடிச் சத்தி எடுத்தா. வாங்க வந்த மனிசி மீனை முகர்ந்து பார்த்துவிட்டு வாங்காமல் போனா. மீன் நல்ல மீன். அதற்குப் பிறகு இரண்டு நாள் நாங்கள் பருப்புத் தின்றோம். அப்பா லீவில் வந்து நின்றுவிட்டுப் போய்க் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவர் போன கவலை என்று நினைத்தேன்.

மாமா விளையாடிய விளையாட்டில் ஐந்து பேர் ஒரு பக்கம். கொழும்பில் ஒரு வீட்டில் அவர்களில் நாலு பேர் ஒன்றாக இருந்தார்கள். அங்கேயே சாப்பாடு, அங்கேயே படுக்கை, சம்பளமும் உண்டு. ஐந்தாவது ஆள் ஒருவன் வெளிநாடு போய்விட்டான். அந்த இடத்துக்கு மாமாவைப் பார்த்தார்கள். பட்டணத்தில் ஒரு கொம்பியூட்டர் கடையில் கூலிக்கு நின்றவருக்கு அது பெரிய விசயம். ஆனால் முந்தின போட்டியில் பாதியிலே மேல் கார்ட் தொண்ணூற்றைந்துக்குப் போய்த் திரை கறுத்துவிட்டது. நாலு பேரும் தோற்றார்கள். அவர்களின் கப்டன் கோல் எடுத்து மாமாவோடு கனநேரம் கதைத்தான். மாமா சிங்களத்தில் “ஹரி, ஹரி”, சரி சரி என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு எங்களிடம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை இன்னொரு போட்டி. மூன்று ஆட்டம். கடைசி வரைக்கும் கொம்பியூட்டர் நிற்க வேண்டும். நின்றால் அடுத்த கிழமை கொழும்பு. நிற்காவிட்டால் வேறு ஆள் பார்ப்பார்கள்.

“விளையாடச் சம்பளமா?” என்றா அம்மா.

“ஓம் அக்கா.”

“உண்மையா?”

“உண்மையாத்தான்.”

“அப்ப போ.” அம்மா கறிச் சட்டியைக் கிளறிக்கொண்டே சொன்னா. “நான் சமாளிப்பன்.”

அன்றிரவு அப்பா கட்டாரிலிருந்து கோல் எடுத்தார். போனை அம்மா பெரிய சத்தத்தில் வைத்தா. அப்பாவும் அதையே சொன்னார்.

“டேய், சான்ஸ் வந்தா விடாத. எங்களப் பாத்துக்கொண்டு இஞ்ச கிடந்தா நாசமாப் போயிருவாய்.”

“ஓம் அத்தான்.”

“ஐசுக்கு ஒரு ஓட்டோக்காரனைப் பிடிப்பம்.”

“ஓம் அத்தான்.”

எல்லாரும் போகச் சொன்னார்கள். மாமாவும் போவதாகத்தான் சொன்னார். பிறகு ஏன் அந்தக் கிழமை முழுக்க யாரும் யாரோடும் கதைக்கவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. சாப்பிடும்போது கரண்டிச் சத்தம்தான் கேட்டது.

சனிக்கிழமை அம்மா மாமாவின் அறை வாசலில் வந்து நின்றா. கையில் ஒரு ரெஜிபோம் பெட்டி. வெறும் பெட்டியில்லை. உள்ளே பாதிக்கு ஐஸ்.

“இத வச்சிப் பாப்பமா?”

மாமா திரும்பிப் பார்த்தார்.

“மூடியில ஓட்டை போட்டு அதில உன்ட ஃபேனைக் கவுத்துவம். இந்தத் தலையில ஒரு குழாய். காத்து ஐசுக்குள்ளால போய்க் குளிராத்தான் வெளிய வரும். மீன் ரெண்டு நாள் நிக்குது. உன்ட கார்ட் ரெண்டு மணித்தியாலம் நிக்காதா?”

மாமா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். பெட்டி அம்மாவின் வயிற்றில் முட்டிக்கொண்டிருந்தது. எழும்பிப் போய் அதைப் பிடுங்குவதுபோல வாங்கினார்.

“நீ ஏன் கா இதத் தூக்கின? என்னக் கூப்பிட்டிருக்கலாமே.”

“பாரமில்லடா.”

“பாரமில்லையாம்.”

பெட்டியைக் கீழே வைத்தார். குனிந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தார். ஐஸைப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

“சரி. வச்சிப் பாப்பம்.”

எனக்குத்தான் பொறுக்கவில்லை.

“மாமா, தண்ணி கொண்டுவரப்படாது எண்டீங்களே.”

“இது தண்ணி இல்ல. ஐஸ்.”

“ஐஸ் தண்ணி இல்லையா?”

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா யன்னலைப் பார்த்தா.

“கட்டியா இருக்கும் மட்டும் தண்ணி இல்ல” என்றார் மாமா. பெரிய ஆட்கள் இரண்டு பேர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு வேலை தொடங்கியது. அம்மா மீன் வெட்டுகிற கத்தியாலே மூடியில் வட்டமாக ஓட்டை போட்டா. மேசை ஃபேன் அதில் கச்சிதமாகக் கவிழ்ந்தது. கொம்பியூட்டர் நிலத்தில் ஒரு பலகை மேல் நின்றது. பெட்டியை அதற்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் ஏற்றினார்கள். பெட்டியில் தண்ணீர் போகிற ஓட்டை ஒரு தலையில் இருந்தது, அதன் கீழே வாளி. மற்றத் தலையில் அம்மா புதிதாக ஓட்டை போட்டுப் பைப் துண்டைச் செருகினா. பைப்பின் வாயை மாமா கொம்பியூட்டருக்குள் விட்டு, மேல் கார்ட்டுக்கு நேரே மேலே, கயிற்றால் கட்டினார்.

கடைசியாக அம்மா கட்டையை எடுத்தா. பெட்டியின் கீழே வைத்தா.

நான் பக்கத்தில் குந்தியிருந்தேன். கட்டை வாளிப் பக்கத் தலையின் கீழே இருந்தது. அதாவது பெட்டி பைப் பக்கம் சரிந்திருந்தது.

“அம்மா, கட்டை மாறிக் கிடக்கு.”

“இதுக்கு இப்பிடித்தான்.”

“தண்ணி வாளிக்குப் போகாதே.”

“நீ நம்பரப் பாக்கிற ஆள். அதப் பாரு புள்ள.”

மாமா அப்போது ஸ்டூலுக்கு அந்தப் பக்கம் நின்றார். குனிந்து கட்டையைப் பார்த்தார். விரலால் தொட்டும் பார்த்தார். தள்ளவில்லை. போய்க் கதிரையில் இருந்து ஹெட்செட்டைப் போட்டார்.

முதல் ஆட்டம் தொடங்கியது. அம்மா வாசலில் கதவு நிலையில் சாய்ந்து நின்றா. மாமா விளையாடுகிறபோது அம்மா அந்தப் பக்கம் வருவதே இல்லை. அன்றைக்கு வந்து நின்றா.

“மேல?”

“எழுபத்தைஞ்சு.”

“மேல?”

“எழுபத்தொண்டு.”

“மேல?”

“அறுபத்தாறு மாமா.”

அப்படி ஒரு நம்பரை இரண்டு கார்ட்டோடு நாங்கள் ஒரு நாளும் பார்த்ததில்லை. என் காலில்கூடக் குளிர் காற்றுப் பட்டது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. திரும்பி அம்மாவைப் பார்த்து “அறுபத்தாறு” என்றேன். அம்மா தலையை ஆட்டினா. சிரிக்கவில்லை. முதல் ஆட்டத்தை மாமாவின் ஆட்கள் வென்றார்கள். ஹெட்செட்டுக்குள் பொடியன்கள் கத்தியது எனக்கே கேட்டது. மாமா கத்தவில்லை. கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு மற்ற ஆட்டத்துக்கு இருந்தார்.

இரண்டாவது ஆட்டத்தில் தோற்றார்கள். மூன்றாவது தொடங்கும்போது நம்பர் அறுபத்திரண்டு. பெட்டிக்குள் ஐஸ் சரிகிற சத்தம் கேட்டது. வாளியைப் பார்த்தேன். ஒரு சொட்டுக்கூட இல்லை. பைப்பைப் பார்த்தேன். வெளிப்பக்கம் எல்லாம் முத்து முத்தாக வேர்த்திருந்தது.

“மாமா, பைப் வேர்க்குது.”

“நம்பரச் சொல்லு.”

“அறுபது. மாமா, பைப்புக்குள்ள ஏதோ ஓடுற சத்தம்.”

“நம்பர் மட்டும் சொல்லு, மருமகள்.”

“அறுபது.”

அம்மா வாசலை விட்டு ஓர் அடி உள்ளே வந்தா. “தம்பி” என்றா. மாமா திரும்பவில்லை.

“தம்பி, நிப்பாட்டி வையடா.”

“இனி என்னத்துக்கு?” என்றார் மாமா. கோபமாகச் சொல்லவில்லை. தேத்தண்ணி வேண்டாம் என்பதுபோலச் சொன்னார்.

பிறகு ஒரு சத்தம். வெடி இல்லை, யாரோ விரலைச் சொடுக்கியதுபோல. பெரிய திரை கறுத்தது. சின்னத் திரையும் கறுத்தது. என் நம்பர் இல்லாமல் போனது. வயர் எரிந்த மணம் வந்தது. மாமா பாய்ந்துபோய் வயரைக் கழற்றிவிட்டு, என்னைத் தூக்கி அம்மாவிடம் கொடுத்தார்.

மேல் கார்ட்டில் தண்ணீர் நின்றது. அது பக்கவாட்டில் வழிந்து பலகையில் சொட்டிக்கொண்டிருந்தது. கீழ்க் கார்ட் காய்ந்தபடி இருந்தது.

மேசையில் போன் அடித்தது. நின்றது. திரும்ப அடித்தது.

“போன் அடிக்குது” என்றா அம்மா.

“அடிக்கட்டும்.”

மாமா அழுவார் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அழவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் முருங்கை மரத்தடியில் ஐஸையும் தண்ணீரையும் கொட்டினார். பெட்டியைக் கழுவிக் கவிழ்த்தார். கிணற்றடியில் முகம் கழுவினார். வந்து, “அக்கா, மத்தியானச் சோறு மிச்சம் இரிக்கா?” என்று கேட்டார். இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். அந்தக் கிழமையில் அவர் வயிறு நிறையச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

அழுதது அம்மா. அந்தக் கொம்பியூட்டரை ஒரு நாளும் பிடிக்காத அம்மா, சோறு போட்டுக்கொடுத்துவிட்டு அடுப்படியில் நிலத்தில் இருந்து அழுதா. நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். பழுதானது மாமாவின் சாமான், அழுவது அம்மா, சாப்பிடுவது மாமா. எனக்குத் தலை சுற்றியது. “மாமா வேற ஒண்டு வாங்குவார் அம்மா” என்றேன். அம்மா இன்னும் கூட அழுதா.

பக்கத்து வீட்டு மாமி எரிந்த மணத்துக்கு வந்து எட்டிப் பார்த்தா.

“நான் அப்பவே சொன்னன், நல்லெண்ணெய் வையுங்க எண்டு.”

மாமாதான் முதலில் சிரித்தார். பிறகு அம்மாவும் சிரித்தா, அழுதுகொண்டே. நான் சிரிக்கவில்லை. நல்லெண்ணெய் வைத்திருந்தால் சரிவந்திருக்குமோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் விடிய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. மாமா ஐஸுக்குப் போனார். யாரும் சொல்லவில்லை. கொண்டுவந்து அவரே உடைத்து, அவரே அடுக்கி, பெட்டியைத் தூக்கிக் கடையில் வைத்தார். அம்மா கட்டையை எடுக்கக் குனிந்தா.

“விடு. நான் வைக்கன்.”

வைத்தார். சரியான தலையில்தான் வைத்தார். தண்ணீர் வாளிக்கு ஓடியது. இரண்டு பேரும் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மீன் வாங்க ஆள் வரும்வரைக்கும் நின்றார்கள்.

மழை தொடங்கின பிறகு எனக்குத் தம்பி பிறந்தான். அம்மாவை ஆசுப்பத்திரிக்கு மாமாதான் கொண்டுபோனார். ஆறு றோட்டுக்கு ஏறியிருந்த நாள். ஓட்டோக்காரன் வரமாட்டேன் என்றுவிட்டான். மாமா அவனோடு சண்டை பிடித்து, தானே முன்னால் இறங்கி முழங்கால் தண்ணீரில் நடந்து வழி காட்டிக்கொண்டு போனார். அப்பா வந்து சேர்ந்தது பிறகு.

மாமா கொழும்புக்குப் போகவில்லை. சந்தியில் சின்னதாக ஒரு கடை போட்டார். போன், கொம்பியூட்டர் திருத்துவார். கலியாணமும் முடித்துப் பெண்சாதி வீட்டுக்குப் போய்விட்டார். அந்தக் கறுப்புப் பெட்டி இப்போதும் கடையில் ஓடுகிறது, ஒரு கார்ட்டோடு. தம்பி பள்ளிக்கூடம் விட்டால் அங்கேதான். மேலே ஓர் இடம் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டான்.

“அது ஐஸ் குடிச்சிட்டுது” என்றார் மாமா.

நான் பதினோராம் ஆண்டில் ஓ.எல். சோதனை எழுதிவிட்டுப் படிப்பை நிறுத்திக்கொண்டேன். மீன் கடையை இப்போது நான்தான் பார்க்கிறேன். கட்டையை நான் வைக்கிறேன். எந்தத் தலை என்று எனக்கும் யோசிக்க வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டும் வைப்பேன். ஒரு நாள் விடிய அப்படி வைத்துக்கொண்டிருக்கும்போதுதான் கை அப்படியே நின்றது.

அம்மாவிடம் கேட்டேன்.

“அண்டைக்கு மாமாட கொம்பியூட்டருக்கு ஐஸ் வச்சமே. கட்டைய ஏன் மாத்தி வச்சீங்க?”

“எந்தக் கட்டை?” என்றா அம்மா. மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தா.

பின்னேரம் மாமாவின் கடைக்குப் போனேன். ஒரு கார்ட்டைக் கழற்றியிருந்தால் போதுமே, நீங்களே செய்து பார்த்தீர்களே, ஏன் செய்யவில்லை என்று கேட்டேன். மாமா ஒரு போனைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து ஒரு சின்ன ஆணியை எடுத்து ஓரமாக வைத்தார்.

“மறந்துபோனன்” என்றார். பிறகு நிமிர்ந்தார். “கொம்மா கேட்டவவா?”

அம்மா கேட்கவில்லை என்று சொன்னேன்.

“சொல்லாத” என்றார்.

வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலில் நின்றா. எங்கே போனாய் என்று கேட்டா. சொன்னேன். கட்டைக் கதையை அவனிடம் கேட்டாயா என்றா. இல்லை என்றேன். அம்மா மூச்சு விட்டா. “கேட்டிராத” என்றா.

அன்றைக்கு அந்த அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். நான் நம்பர் வாசித்தேன். அது இறங்க இறங்க எனக்கு மட்டும்தான் சந்தோசமாக இருந்தது.